ஊர்ப்பெயர் அடைமொழியும் ‘புவிசார் குறியீடு’ என்னும் சொல்லாட்சியும்

மக்கள் தாம் ஆக்கும் பொருளுக்குத் தம் ஊரின் பெயரை அடைமொழியாகச் சூட்டுவது எல்லா நாட்டிலும் காணப்படும் வழக்கமாகும். மதுரை மல்லி, காஞ்சிபுரம் பட்டு, பத்தமடைப் பாய், திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு என்பன தமிழகத்தில் வழங்குவன. மலேசியத் திருநாட்டில் பினாங்கு லக்சா, ஈப்போ வெள்ளைக் கோப்பி, சரவாக் மிளகு என்பன வழங்குகின்றன. குளுவாங்கிற்கும் மெர்சிங்கிற்கும் இடையே அமைந்த காஹாங் போன்ற சிற்றூரில் பயிலும் மாணவனும் ஒருபுறம் குளுவாங் கோப்பியையும் மறுபுறம் மெர்சிங் கெரோப்போக்கையும் ஊர்ப்பெயரோடு சேர்த்தே அறிகின்றான். இத்தகைய பெயர்களைச் சட்ட வழியாகக் காக்கும் முறைக்குத் தமிழ் நாளேடுகளும் பாடநூல்களும் ‘புவிசார் குறியீடு’ என்னும் தொடரை ஆண்டு வருகின்றன. இத்தொடர் தான் உணர்த்த வேண்டிய பொருளை உணர்த்துகின்றதா, தமிழ் இலக்கண மரபு இப்பொருளை வேறு வகையில் தெளிவுபடுத்துமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகையுள் மறைந்த சொல்

‘மதுரை மல்லி’ என்பது தொகைநிலைத் தொடர். இதனை விரிக்குங்கால் ‘மதுரையின்கண் விளைந்த மல்லி’ என வரும். கண் என்னும் ஏழாம் வேற்றுமை உருபு மட்டுமன்றி, ‘விளைந்த’ என்னும் பயனும் இதனுள் மறைந்து நிற்கின்றது. ஆகவே, இஃது ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை எனப்படும். பத்தமடைப் பாய் என்பதில் மறைந்த பயன் ‘நெய்த’ என்பது. மணப்பாறை முறுக்கு என்பதில் ‘சுட்ட’ என்பது. இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தொடரில் வெளிப்பட நிற்பவை ஊரும் பொருளும். மறைந்து நிற்பதோ தொழில். விளைத்தவரும் நெய்தவரும் சுட்டவரும் அத்தொழிற்சொல்லின் நிழலில் நிற்கின்றனர். தொகையை விரித்தாலன்றி அவர் முகம் தெரியாது.

தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரை பொருள் மயங்க இடமுண்டு என்று நன்னூலார் நவின்றுள்ளார். ஊர்ப்பெயர் அடையிலும் அம்மயக்கம் உண்டு. ‘மதுரைப் பதிப்பு’ என்று ஒரு நாளேட்டைக் குறித்தால் அது மதுரையில் அச்சான பதிப்பாகவும் இருக்கலாம். மதுரை மக்களுக்கென ஆக்கிய பதிப்பாகவும் இருக்கலாம். முன்னது ஏழாம் வேற்றுமை. பின்னது நான்காம் வேற்றுமை. வணிக நிறுவனங்கள் ஒரே பொருளை ஒவ்வொரு நகரத்திற்கும் சிறிது மாற்றி, அந்நகரின் பெயரை மேலே எழுதி விற்கும் முறை இந்நாளில் பெருகியுள்ளது. அவை யாவும் நான்காம் வேற்றுமைப் பொருள்களே. ஊர் அவற்றை ஆக்கவில்லை. ஊருக்காக அவை ஆக்கப்பட்டன.

மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. பிரிட்டனில் உள்ள உணவகங்களில் ‘மெட்ராஸ்’ என்னும் பெயரோடு ஒரு குழம்பு வழங்குகின்றது. சென்னையில் அப்பெயருடைய குழம்பினைத் தேடினால் கிடைப்பது அரிது. ‘சிங்கப்பூர் நூடுல்ஸ்’ என்பது ஹாங்காங்கிலும் மேலை நாடுகளிலும் பெயர்பெற்ற உணவு. சிங்கப்பூர் மக்களின் வழக்கத்தில் அதற்கு வேரில்லை. இங்கே ஊர்ப்பெயர் பிறப்பிடத்தையும் சுட்டவில்லை, சேரிடத்தையும் சுட்டவில்லை. காரம், மணம், அயல்நாட்டுத் தன்மை ஆகியவற்றை நினைவூட்டும் ஓர் உவமை போல நிற்கின்றது.

எனவே, ஊர்ப்பெயர் அடை மூவகைப்படும் எனலாம். ஊரில் பிறந்த பொருளுக்கு வருவது ஒன்று. ஊருக்கென ஆக்கிய பொருளுக்கு வருவது மற்றொன்று. ஊரின் சாயலைக் காட்டுவது பிறிதொன்று. வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒன்றே. வாங்குவோர் ஏமாறுவதும் விளைப்போர் இழப்பதும் இவ்வொற்றுமையால்தான். சட்டம் காக்க முனைவது முதல் வகையை மட்டுமே.

பண்டைத் தமிழர் வழக்கு

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. பட்டினப்பாலை ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களைப் பாடுங்கால், பெரும்பாலான பண்டங்களுக்கு அவை பிறந்த இடத்தை அடையாக்கியே பாடியுள்ளார். மேற்கு மலையின் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைச் செல்வம், காவிரியின் விளைவு, ஈழத்து உணவு என அப்பட்டியல் விரிகின்றது. அதனுள் வரும் காழகம் என்பதற்குக் கடாரம் என உரைகண்டார் நச்சினார்க்கினியர். கடாரம் இந்நாட்டின் கெடா மாநிலம் என்பது வரலாற்றறிஞர் பலர் கொண்ட முடிபு. அவ்வுரையின்படி நோக்கின், இம்மண்ணின் பொருளும் இடப்பெயரோடு தமிழ்ச் செய்யுளில் இடம்பெற்றது என்பது தெளிவாகும். பொருளின் சிறப்பை அதன் பிறப்பிடம் கொண்டு உணர்த்துவது புலவர்க்கும் வணிகர்க்கும் பொதுவான முறையாக இருந்தமை இதனால் விளங்கும்.

வணிகர் வழக்கிற்கு மற்றொரு சான்று கருப்பூரம். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் கருப்பூர வகைகளைப் பட்டியலிடும்போது சீனச்சூடன் என்பதனையும் வாறோசு என்பதனையும் குறிக்கின்றார். முன்னதில் சீனம் வெளிப்படை. பின்னது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் என்னும் துறைமுகத்தின் பெயரே என்பர் ஆய்வாளர். அப்பாருஸ் பகுதியில், லோபு துவா என்னுமிடத்தில், கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அங்கு இருந்தமையை அது காட்டுகின்றது. கருப்பூரம் பிறந்த இடத்திற்கே சென்று வாணிகம் செய்தவர்கள் அவ்விடத்தின் பெயரைப் பொருளின் பெயராகவே கொண்டு திரும்பினர் எனலாம்.

காரணப்பெயர் இடுகுறியாதல்

பாருஸின் கதை அத்துடன் முடியவில்லை. மலாய் மொழியில் கருப்பூரத்திற்கு இன்றும் ‘காப்பூர் பாருஸ்’ என்பதே பெயர். ஆயின், துணிப்பேழையில் பூச்சியை விரட்ட இடும் வெண்ணிற உருண்டையும் அப்பெயரால் வழங்குகின்றது. அவ்வுருண்டை ஆலையில் செய்யப்படும் இரசாயனம், மரத்தில் பிறந்ததன்று, பாருஸைக் கண்டதுமன்று. ஊர் மறைந்தது; மரம் மறைந்தது; பெயர் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

தமிழிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரம் அதில் அடையாக நின்றது. வட தமிழகத்துப் பேச்சு வழக்கில் அது தேய்ந்து ‘மல்லாட்டை’ ஆயிற்று. மல்லாட்டையை உரித்துத் தின்னும் சிறுவனுக்கு மணிலாவின் நினைவு வருவதில்லை. வெள்ளைச் சர்க்கரையை ‘அஸ்கா’ என்று முதியோர் கூறுவர். ஒடிசா மாநிலத்தின் கஞ்சம் மாவட்டத்திலுள்ள அஸ்கா என்னும் ஊரில் இருந்த சர்க்கரை ஆலையால் வந்த பெயர் அது. இஃது இடவாகுபெயர்; அடையெடுத்த பொருளின் பெயர் நீங்கி, அடை மட்டுமே பொருளுக்குப் பெயராயிற்று. ‘சீனி’ என்பதில் சீனம் நிற்கின்றது. மேலை நாட்டார் ‘கலிக்கோ’ என்று துணியைக் கூறுங்கால் கள்ளிக்கோட்டையும், ‘மஸ்லின்’ என்னுங்கால் மோசூல் நகரமும் அவர் அறியாமலே அவர் நாவில் உலவுகின்றன.

சில பெயர்கள் தொடக்கத்திலேயே பிழைபட்டவை. மக்காச்சோளம் மக்காவில் தோன்றியதன்று; அமெரிக்கக் கண்டத்தின் பயிர். இனி, ஜொகூர் மாநிலத்து மூவார் நகரில் புகழ்பெற்ற ‘மீ பண்டுங்’ என்னும் உணவைக் கருதுக. இந்தோனேசியாவின் பண்டுங் நகர உணவு எனப் பலர் மயங்குவர். ஈண்டு அச்சொல் பல பொருள் சேர்ந்த கலவையைக் குறிப்பதென்பர். நகரோடு அதற்குத் தொடர்பில்லை. ஊர்ப்பெயர் போலத் தோன்றுவன யாவும் ஊர்ப்பெயர் அல்ல என்பதற்கு இதனினும் அணிமையான சான்று ஜொகூர் மாணவர்க்கு வேண்டுவதில்லை.

இவற்றைத் தமிழ் இலக்கணம் இரண்டு சொற்களில் அடக்கிவிடும். காரணம் பற்றி வருவது காரணப்பெயர். காரணமின்றி இட்டு வழங்குவது இடுகுறிப்பெயர். ஊரின் மண்ணும் நீரும் கைத்திறனும் பொருளின் சிறப்பிற்குக் காரணமாக இருக்கும்வரை ஊர்ப்பெயர் அடை காரணப்பெயராக நிற்கும். அக்காரணம் அறுந்ததும் அஃது இடுகுறியாகிவிடும். மல்லாட்டை, அஸ்கா, சீனி ஆகியன இடுகுறியாகிவிட்டவை. சட்ட நூலாரும் இவ்வேறுபாட்டையே தம் மொழியில் கூறுகின்றனர். ஊரோடு தொடர்பற்றுப் பொதுப்பெயராகிவிட்ட சொல்லைப் பதிவு செய்ய இயலாது என்பது இந்தியச் சட்டத்தின் விதிகளுள் ஒன்று. காரணம் உயிரோடிருக்கும் பெயருக்கே காவல் என்பது அதன் கருத்து.

சட்டம் கூறுவது

1995ஆம் ஆண்டு உலக வணிக அமைப்பு தோன்றியபோது, உறுப்பு நாடுகள் இத்தகைய பெயர்களைக் காக்க வேண்டும் என்னும் உடன்பாடும் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1999ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அது 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய பதிவகம் சென்னையில் அமைந்தது. டார்ஜிலிங் தேயிலை முதற்பதிவினைப் பெற்றது. மதுரை மல்லி 2013ஆம் ஆண்டிலும், பழனி பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019ஆம் ஆண்டிலும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்கு 2023ஆம் ஆண்டிலும் பதிவு பெற்றன. மலேசியா 2000ஆம் ஆண்டில் இதற்கான சட்டத்தை இயற்றிப் பின் 2022ஆம் ஆண்டில் புதிய சட்டத்தால் அதனை மாற்றியது. சரவாக் மிளகு, பாரியோ அரிசி, சபா தேயிலை, தெனோம் கோப்பி ஆகியன இந்நாட்டில் இக்காவலைப் பெற்றவற்றுள் சில.

இச்சட்டங்களின் உயிர்நாடி உடைமை பற்றிய விதியாகும். வணிகக் குறியை அதன் உரிமையாளர் பிறர்க்கு விற்கலாம், அடகு வைக்கலாம். இந்தியச் சட்டத்தின்படி ஊர்ப்பெயர் உரிமையை விற்கவோ, மாற்றிக் கொடுக்கவோ, அடகு வைக்கவோ இயலாது. பத்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம், கைமாற்ற முடியாது. இவ்வேறுபாட்டையும் நம் இலக்கணம் முன்னரே அறிந்துள்ளது. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என இரண்டாகப் பகுப்பர். சாத்தனது கை என்பது தற்கிழமை, பிரிக்க இயலாதது. சாத்தனது வீடு என்பது பிறிதின் கிழமை, கைமாறக் கூடியது. வணிகக் குறி பிறிதின் கிழமை. ஊர்ப்பெயரோ தற்கிழமை. மல்லிக்கு மதுரை கை போன்றதேயன்றி வீடு போன்றதன்று.

‘புவிசார் குறியீடு’ பொருந்துமா?

இனி, எடுத்துக்கொண்ட தொடரை நோக்குவோம். ‘புவி’ என்பது உலகம் முழுவதையும் குறிக்கும் சொல். புவியில் பிறவாத பொருள் எது? ஓர் ஊரை ஏனைய ஊர்களினின்றும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில், எல்லா ஊரையும் தன்னுள் அடக்கும் சொல் வந்து நிற்கின்றது. அயன்மொழிச் சொல்லின் முதற்பாதியைப் புவியியல் என்னும் பாடப்பெயரோடு ஒப்பிட்டு, சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் நேர்ந்த விளைவு இது. ‘சார்’ என்பதோ தொடர்பு உண்டு என்பதை மட்டுமே கூறும். அத்தொடர்பு பிறப்பா, சேர்ப்பா, சாயலா என்பதைக் கூறாது. மேற்கண்ட மூவகையும் ‘சார்’ என்பதனுள் அடங்கிவிடும். காக்க வேண்டியதை மட்டும் பிரித்துக்காட்டும் ஆற்றல் அதற்கில்லை.

‘குறியீடு’ என்னும் சொல் பற்றியும் ஐயம் எழுகின்றது. உரையாசிரியர் வழக்கில் அது பெயரிடுதலையும் ஒரு துறைக்கென இட்ட பெயரையும் குறித்தது. இக்கால வகுப்பறையிலோ கவிதைக் குறியீடு, கணிதக் குறியீடு, அஞ்சற் குறியீடு என்பனவே மாணவர் அறிந்தவை. அவை மக்கள் இசைவால் இட்டுக்கொண்டவை, இடுகுறியின் பாற்பட்டவை. காரணப்பெயராக நின்றாலன்றிக் காவல் பெறாத ஒன்றினை இடுகுறியின் சாயலுடைய சொல்லால் அழைப்பது முரண். ‘மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது’ என்று படிக்கும் மாணவன், அரசு ஏதோ ஒரு முத்திரையையோ எண்ணையோ பரிசாக வழங்கியதாகவே எண்ணுகின்றான். உண்மையில் மதுரை மக்கள் காலங்காலமாகத் தம் உழைப்பால் ஆக்கிக்கொண்ட பெயரைச் சட்டம் ஒப்புக்கொண்டது என்பதே செய்தி. கிடைத்தது அன்று, இருந்தது ஏற்கப்பட்டது.

இத்தொடருக்குச் சார்பாகக் கூறத்தக்கனவும் உள. ‘ஊர்’ என்று கொண்டால் பொருள் சுருங்கிவிடும், சரவாக் ஊரன்று, மாநிலம், நீலகிரி மலை. பாஸ்மதி அரிசி போல இடப்பெயரே இல்லாத பெயரும் பதிவு பெற்றுள்ளது. படமும் அடையாளமாகலாம் என்று இந்தியச் சட்டம் இடந்தருகின்றது. ஆதலின் ‘ஊர்ப்பெயர்’ என்பது முழுவதும் பொருந்தாது என்னும் வாதம் ஏற்கத்தக்கதே. ஆயின் அவ்வாதம் ‘புவி’ என்பதனை நிலைநாட்டாது. ‘இடம்’ என்பதனையே நிலைநாட்டும். பெயர்ச்சொல்லின் அறுவகையுள் ஒன்றாக இலக்கணத்தில் நிலைபெற்ற சொல் ‘இடம்’. ஊரும் மலையும் நாடும் அதனுள் அடங்கும். உணர்த்திக் காட்டுதலுக்குத் தமிழில் ‘சுட்டு’ என்னும் செப்பமான சொல் உண்டு. பெயராயினும் படமாயினும் இடத்தைச் சுட்டினால் அது சுட்டே. ஆகவே ‘இடச்சுட்டு’ என்பது சுருக்கமும் தெளிவும் உடையதாகும். பொருளின் பிறப்பை வற்புறுத்த வேண்டுமிடத்துப் ‘பிறப்பிடச் சுட்டு’ எனலாம். அரசிதழிலும் நாளேட்டிலும் ஊன்றிவிட்ட தொடரை ஒரு நாளில் மாற்றுதல் அரிது. எனினும் வகுப்பறையில் அதன் குறையை விளக்கி, நிறைவான சொல்லை அறிமுகம் செய்வதற்குத் தடை ஏதுமில்லை.

பெயர் பெறாத உழைப்பு

இச்சொல்லாராய்ச்சி வெறும் இலக்கண விளையாட்டன்று. மலேசியத் தமிழர்க்கு இதில் தனித்ததொரு கருத்துண்டு. ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் சீவினர். அவர் எடுத்த பால் உறைந்து, தகடாகிப் புகையூட்டப்பெற்றுக் கப்பலேறியது. உலகச் சந்தையில் அதன் மதிப்பை உறுதிசெய்தது ஊர் அன்று, தரவரிசை எண். 1965ஆம் ஆண்டில் தரப்படுத்திய மலேசிய இரப்பர் முறை வந்தபின், பொதியின்மீது ஐந்து, பத்து, இருபது போன்ற எண்கள் நின்றன. அவ்வெண்கள் இரப்பரில் இருக்கத்தக்க அழுக்கின் உச்ச அளவை ஒட்டி எழுந்தவை. மதுரைக்கு மல்லியும் காஞ்சிக்குப் பட்டும் பெயர் தந்தன. பால்மரம் சீவியவன் ஊருக்கு அவன் எடுத்த பால் பெயர் தரவில்லை. அழுக்கின் அளவே அப்பொருளின் பெயராயிற்று.

தரப்படுத்துதல் தவறு என்பது இதன் கருத்தன்று. ஆலைக்கு ஒரே சீரான பொருள் வேண்டும். அந்த முறையால் மலேசிய இரப்பர் நன்மதிப்புப் பெற்றது. ஆயினும், தொகையுள் தொழிற்சொல்லேனும் மறைந்து நின்ற பொருள்களை இதனோடு ஒப்பிடுக. ‘பத்தமடைப் பாய்’ என்பதை விரித்தால் நெய்தவர் தோன்றுவர். எண்ணை எவ்வாறு விரிப்பது? எவ்வளவு விரித்தாலும் அதனுள் ஊரும் இல்லை; உழைத்தவரும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பின்னர் அங்கு வாழ்ந்தோரின் வரலாறு விரைந்து மறைவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பொருளில் பெயர் நிற்காத இடம் நினைவிலும் நெடிது நிற்பதில்லை.

இந்நிலை மாறுதற்கும் வழி இல்லாமற் போகவில்லை. குளுவாங் இரயில் நிலையத்தில் 1938 முதல் நடந்துவந்த ஒரு கோப்பிக் கடை அந்நகரின் பெயரை நாடறியச் செய்தது. காஹாங் வட்டாரத்தில் இயற்கை முறையில் நெல் பயிரிடும் முயற்சி மேற்கொள்ளப்பட்டு, அரிசியோடு ‘காஹாங்’ என்னும் பெயரும் வெளியூர் சென்றது. எண்டாவ் ரொம்பின் காட்டிற்குச் செல்வோர் கடந்து போகும் ஊராக மட்டும் அறியப்பட்ட ஒன்று, விளைபொருளின் அடைமொழியாகவும் ஆயிற்று. சிறிய தொடக்கமே எனினும் காரணப்பெயர் பிறக்கும் முறை இதுவே. இத்தகைய பெயர் புகழ் பெற்றபின், வேற்றிடத்துப் பொருள் அதே பெயரைப் பூண்டு வருமாயின் இழப்பு எவர்க்கு என்பதை இளையோர் இப்போதே உணர்தல் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

தொகைநிலைத் தொடரையும் ஆகுபெயரையும் கற்பிக்கும் ஆசிரியர், பழைய எடுத்துக்காட்டுகளோடு நில்லாமல், மாணவர் அன்றாடம் காணும் கடைப்பொருள்களையும் வகுப்பிற்குக் கொணரலாம். ஒவ்வோர் ஊர்ப்பெயர் அடையையும் விரிக்கச் செய்து, மறைந்த உருபு யாது, மறைந்த தொழில் யாது, பொருள் ஊரில் பிறந்ததா, ஊருக்கென ஆக்கியதா, ஊரின் சாயலை மட்டும் பூண்டதா என வினவலாம். காரணம் இன்னும் உயிரோடுள்ளதா, இடுகுறியாகிவிட்டதா என ஆராயச் செய்யலாம். இப்பயிற்சியால் இலக்கணம் மனத்தில் பதிவதோடு, விளம்பரச் சொல்லைக் கண்டு மயங்காத தெளிவும் மாணவர்க்கு வாய்க்கும்.

கலைச்சொல் ஆக்குவோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. அயன்மொழிச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஒட்டுவதற்கு முன், அக்கருத்திற்குத் தமிழ் இலக்கணம் முன்னரே சொல் வகுத்துள்ளதா எனத் தேடுதல் வேண்டும். காரணப்பெயர், இடுகுறி, தற்கிழமை, சுட்டு என்னும் நான்கு சொற்களைக் கொண்டே இன்றைய பன்னாட்டுச் சட்டத்தின் நுட்பத்தை விளக்க இயலுமாயின், அவற்றைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் சொற்களாக மாணவர் கருதுவது நமக்கு இழப்பேயாகும்.